நினைவைக் காக்க என்ன செலவாகும்?

2025 செப்டம்பர் 26 அன்று இரவு, தென் கொரியாவின் டேஜியான் நகரில் உள்ள அரசின் தேசியத் தகவல் வள மையத்தில் தீப்பிடித்தது. லித்தியம்-அயனி மின்கலங்களில் பற்றிய நெருப்பு கணினி அறைக்குப் பரவ, அறுநூறுக்கும் மேற்பட்ட அரசு இணைய அமைப்புகள் ஒரே இரவில் முடங்கின. அவற்றுள் பலவற்றை நாள்கள், வாரங்கள் கடந்து மீட்டுவிட்டார்கள். மீட்கவே முடியாமல் போனது ஒன்று உண்டு. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைச் சேமித்து வந்த 'ஜி-டிரைவ்' என்னும் பொதுச் சேமிப்பகம்தான் அது. அதிலிருந்த 858 டெராபைட் தரவுகள் அழிந்தன. வேறோர் இடத்தில் நகல் ஏன் வைக்கப்படவில்லை என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் இதுதான்: அளவு மிகப் பெரியது, ஆகவே வெளியே நகலெடுத்து வைக்க இயலவில்லை.

858 டெராபைட் என்பது உண்மையிலேயே அவ்வளவு பெரிய அளவா? இன்று சந்தையில் கிடைக்கும் 20 டெராபைட் வன்வட்டுகளில் அதை எழுதினால் 43 வன்வட்டுகள் போதும். ஒரு வன்வட்டின் விலை 40,000 ரூபாய் என்று கணக்கிற்காக வைத்துக்கொண்டால் மொத்தம் 17 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். 18 டெராபைட் கொள்ளும் காந்த நாடாப் பேழைகளில் எழுதினால் 48 பேழைகள். 100 ஜிகாபைட் புளூ-ரே ஒளித்தகடுகளில் எழுதினால் 8,580 தகடுகள். முதல் இரண்டும் ஓர் எஃகு அலமாரிக்குள் அடங்கும். மூன்றாவதற்கு ஒரு சிறிய அறை வேண்டும். உலகின் முன்னணித் தொழில்நுட்ப நாடுகளுள் ஒன்றால் இயலாத செலவல்ல இது. தடையாக நின்றது தொழில்நுட்பமும் அன்று, பணமும் அன்று.

தரவுகளை எதில் சேமிப்பது என்ற விவாதம் கணினி ஆர்வலர்களிடையே நெடுங்காலமாக நடந்து வருகிறது. மிகுகொள்ளளவு ஒளித்தகடுகளே நீடித்தவை என்பார் ஒரு சாரார். விலை குறைந்த, விரைவான வன்வட்டுகள் இருக்கையில் தகடு எதற்கு என்பார் மறு சாரார். இது பொறியாளர்களின் சச்சரவு என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. நிலப் பதிவேடுகள், நீதிமன்ற ஆவணங்கள், மருத்துவமனைக் குறிப்புகள், சுவடிகளின் மின்படிகள், குடும்பப் புகைப்படங்கள் ஆகிய அனைத்தும் இன்று இவற்றுள் ஏதோ ஒன்றில்தான் இருக்கின்றன. விடை காணப் பொறியியல் மட்டும் போதாது. கொஞ்சம் பொருளியலும் வேண்டும்.

முதலில் இரண்டும் இயங்கும் விதத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். வன்வட்டு என்பது காந்தப் பூச்சுள்ள தட்டுகள் அடங்கிய, மூடப்பட்ட ஒரு பெட்டி. தட்டுகள் நிமிடத்திற்குப் பெரும்பாலும் 5,400 அல்லது 7,200 முறை சுழல, அவற்றின் மேற்பரப்பிலிருந்து சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி ஒரு முனை தரவுகளை எழுதுகிறது, படிக்கிறது. ஒளித்தகட்டில் இத்தகைய நெருக்கம் இல்லை. லேசர் ஒளி தகட்டின் மீது பட்டுத் திரும்பும்போது அதில் உண்டாகும் வேறுபாட்டைக் கொண்டு தரவு படிக்கப்படுகிறது. தகட்டை எதுவும் தொடுவதில்லை. அலமாரியில் இருக்கும்போது அதற்கு மின்சாரமும் தேவையில்லை.

முக்கியமான வேறுபாடு இன்னொன்று உண்டு. வன்வட்டில் எழுதப்படும் பொருளும் படிக்கும் கருவியும் ஒரே பெட்டிக்குள் இருக்கின்றன. ஒளித்தகட்டில் பொருள் தனி, படிக்கும் கருவி தனி. தகட்டின் பெருமையும் அதன் இன்றைய சரிவும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறந்தவை.

வரலாறு இதை விளக்கும். ஐபிஎம் நிறுவனம் 1956-இல் அறிமுகப்படுத்திய முதல் வன்வட்டில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. ஒரு டன்னுக்கு மேல் எடை கொண்ட அதில் 50 லட்சம் எழுத்துகளைச் சேமிக்கலாம். பிலிப்ஸ், சோனி நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய குறுந்தகடு 1982-இல் இசைக்காகச் சந்தைக்கு வந்து, சில ஆண்டுகளில் கணினிக்கும் பயன்படலாயிற்று. அதன் கொள்ளளவு 650 மெகாபைட். 1983-இல் ஐபிஎம் வெளியிட்ட எக்ஸ்டி கணினியின் வன்வட்டு கொண்டதோ 10 மெகாபைட் மட்டுமே. அறுபத்தைந்து வன்வட்டுகளின் செய்தியை ஒரு தகடு சுமந்தது. எதிர்காலம் ஒளிக்கே என்று அன்று பலர் நம்பியதில் வியப்பில்லை.

1996-இல் டிவிடி வந்தபோது அதன் கொள்ளளவு 4.7 ஜிகாபைட். வீட்டுக் கணினிகளின் வன்வட்டுகளும் அப்போது சில ஜிகாபைட் அளவை எட்டியிருந்தன. போட்டி ஏறத்தாழச் சமநிலைக்கு வந்துவிட்டது. 2006-இல் வந்த புளூ-ரே தகடு இரண்டு அடுக்குகளில் 50 ஜிகாபைட் கொண்டது. அதே ஆண்டில் 750 ஜிகாபைட் வன்வட்டு விற்பனைக்கு வந்தது. விகிதம் ஒன்றுக்குப் பதினைந்து எனத் தலைகீழானது. 2010-இல் புளூ-ரே 100, 128 ஜிகாபைட் அளவுகளை எட்டியது. பொதுமக்கள் வாங்கக்கூடிய தகடு இன்றும் அங்கேயே நிற்கிறது. வன்வட்டோ 2024-இல் 30 டெராபைட்டைக் கடந்துவிட்டது. ஒரு வன்வட்டின் செய்தியைச் சுமக்க இன்று முந்நூறு தகடுகள் வேண்டும்.

தகடு ஏன் தேங்கியது? அறிவியல் காரணம் ஒன்று. ஒளியைக் கொண்டு எவ்வளவு சிறிய புள்ளியை எழுத முடியும் என்பது அதன் அலைநீளத்தைப் பொறுத்தது. குறுந்தகடு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்தியது. டிவிடி 650 நானோமீட்டர் சிவப்பையும், புளூ-ரே 405 நானோமீட்டர் நீல ஊதாவையும் பயன்படுத்தின. அதற்கும் கீழே புற ஊதாக் கதிர்கள். அவை தகட்டின் பிளாஸ்டிக்கையே சிதைக்கத் தொடங்கிவிடும். எனவே அடுக்குகளைக் கூட்டுவதே எஞ்சிய வழி. அடுக்கு கூடக் கூட உற்பத்திச் செலவும் பிழையும் கூடும்.

பொருளியல் காரணம் அதைவிட வலுவானது. தகடு ஒரு பொதுத் தர நிர்ணயத்துக்குக் கட்டுப்பட்டது. கோடிக்கணக்கான வீடுகளில் உள்ள கருவிகள் எல்லாம் அதைப் படிக்க வேண்டும் என்பதால், பல நிறுவனங்கள் கூடி உடன்பட்டால் ஒழிய எதையும் மாற்ற இயலாது. அத்தகைய உடன்பாடு பத்தாண்டுக்கு ஒரு முறைதான் வாய்த்தது. வன்வட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி வாங்குபவர் கவலைப்படுவதில்லை. உற்பத்தியாளர் முனையை மாற்றலாம், பூச்சை மாற்றலாம், காற்றுக்குப் பதில் ஹீலியத்தை அடைக்கலாம். வெளியே உள்ள இணைப்பு மட்டும் மாறாமல் இருந்தால் போதும். ஆண்டுதோறும் முன்னேற அதற்கு உரிமை இருந்தது, தகட்டுக்கு இல்லை.

சந்தையின் அளவும் கைகொடுக்கவில்லை. ஒளித்தகட்டுத் தொழிற்சாலைகளை வாழவைத்தவை இசையும் திரைப்படமும்தான். ஆவணக் காப்பகங்கள் அந்தப் பெருவண்டியில் இலவசமாகத் தொற்றிக்கொண்ட பயணிகள். மக்கள் இணையம் வழியே பாடலும் படமும் காணத் தொடங்கியதும் வண்டி நின்றது. பானசோனிக் 2023 பிப்ரவரியிலும் சோனி 2025 பிப்ரவரியிலும் எழுதத்தக்க புளூ-ரே தகடுகளின் உற்பத்தியை முடித்துக்கொண்டன. இவ்விரு நிறுவனங்களும்தாம் 2014 மார்ச்சில் 300 ஜிகாபைட்டில் தொடங்கி 1 டெராபைட் வரை செல்லும் காப்பகத் தகடு ஒன்றை அறிவித்தவை என்பதை நினைத்தால் மாற்றத்தின் வேகம் விளங்கும்.

அதே 2014-இல் ஃபேஸ்புக் நிறுவனம் ஒரு முன்மாதிரியைக் காட்டியது. பயனர்கள் எப்போதோ ஒரு முறை மட்டும் பார்க்கும் பழைய படங்களை வைப்பதற்காக, 10,000 புளூ-ரே தகடுகளை ஒரே அலமாரியில் அடுக்கி, இயந்திரக் கை ஒன்று வேண்டியதை எடுத்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. மொத்தம் 1 பெட்டாபைட். தான் அதுவரை பயன்படுத்திய வன்வட்டு முறையோடு ஒப்பிட்டால் செலவு 50 விழுக்காடும் மின்சாரம் 80 விழுக்காடும் குறையும் என்று அந்நிறுவனம் கூறியது. ஒளித்தகட்டின் ஆதரவாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் சான்று இது.

அந்தக் கணக்கு அன்று சரியாக இருந்திருக்கலாம். இன்று போட்டுப் பார்ப்போம். அப்போது பரவலாக இருந்த 4 டெராபைட் வன்வட்டுகளில் 1 பெட்டாபைட்டைச் சேமிக்க 250 வன்வட்டுகள் வேண்டும். வேலையின்றிச் சுழலும்போது ஒவ்வொன்றும் 5 வாட் எடுத்தால் மொத்தம் 1,250 வாட். இன்றைய 30 டெராபைட் வன்வட்டுகளில் 34 போதும். மின்சாரம் 170 வாட். நம் வீடுகளின் இரண்டு மூன்று மின்விசிறிகளுக்கு ஆகும் அளவு அது. தகடுகளின் எண்ணிக்கையோ அன்றும் 10,000, இன்றும் 10,000. தகட்டின் பெரிய ஆதாயமாகச் சொல்லப்பட்ட மின்சேமிப்பை வன்வட்டின் வளர்ச்சியே பெருமளவு விழுங்கிவிட்டது.

வேகத்திலும் இடைவெளி பெரிது. நான்கு மடங்கு வேகத்தில் இயங்கும் புளூ-ரே கருவி நொடிக்கு 18 மெகாபைட் எழுதும். 100 ஜிகாபைட் தகடு ஒன்றை நிரப்ப ஒன்றரை மணி நேரம் ஆகும். 20 டெராபைட்டை எழுத 200 தகடுகளும் 300 மணி நேரமும், ஒவ்வொரு தகட்டையும் மாற்றிப் பெயரிட்டு அடுக்கி வைக்க ஓர் ஆளும் வேண்டும். நொடிக்கு 250 மெகாபைட் எழுதும் வன்வட்டு அதே வேலையை ஒரு நாளுக்குள் முடித்துவிடும். ஊதியம் கொடுத்து ஆள் வைக்கும் எந்த நிறுவனத்துக்கும் இது சிறிய வேறுபாடன்று.

இனி, மையமான கேள்விக்கு வருவோம். ஒளித்தகட்டை ஒரு முறை வாங்கினால் ஐம்பது ஆண்டு இருக்கும் என்கிறார்கள். வன்வட்டை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். அப்படியானால் ஐம்பது ஆண்டுகளில் பத்து முறை வாங்க வேண்டும்; தகடுதானே மலிவு? பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றும். ஆனால் நாற்பது ஆண்டுகள் கழித்துச் செலவழிக்கப்போகும் ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல. எதிர்காலச் செலவுகளை இன்றைய மதிப்புக்குக் கழித்துக் கணக்கிடுவது பொருளியலின் அரிச்சுவடி.

இன்று 100 ரூபாய்க்கு வன்வட்டு வாங்குவதாகக் கொள்வோம். வட்டி 7 விழுக்காடு. ஒரு டெராபைட்டின் விலை ஆண்டுக்கு 10 விழுக்காடு குறைந்துவருகிறது. அப்படியானால் ஐம்பது ஆண்டுகளுக்கு, ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றுவதற்கான மொத்தச் செலவின் இன்றைய மதிப்பு 173 ரூபாய்தான். பத்து முறை வாங்கினாலும் ஆயிரம் ரூபாய் ஆவதில்லை. விலை குறையவே குறையாது என்று வைத்துக்கொண்டாலும் 337 ரூபாய்தான். எனவே, அதே அளவு தரவைக் கொள்ளும் தகடுகளின் விலை வன்வட்டைப் போல் 1.7 மடங்குக்குள், மிஞ்சிப்போனால் 3.4 மடங்குக்குள் இருந்தால்தான் தகடு வெல்லும். 100 ஜிகாபைட் தகடுகளின் சில்லறை விலை இந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. 25 ஜிகாபைட் தகடுகள் வரம்புக்கு அருகில் வரலாம். ஆனால் ஒரு டெராபைட்டுக்கு அவை நாற்பது வேண்டும்; அவற்றைக் கையாளும் உழைப்பைச் சேர்த்தால் கணக்கு மறுபடியும் மாறிவிடும்.

இந்தக் கணக்கில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. விலை தொடர்ந்து குறையுமா, நின்றுவிடுமா என்பதைப் பொறுத்து மொத்தச் செலவு ஏறத்தாழ இரு மடங்காக மாறுகிறது. இன்று உலகில் வன்வட்டு தயாரிப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்றே நிறுவனங்கள். 2011-இல் தாய்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் ஆலைகள் மூழ்கியபோது உலகெங்கும் வன்வட்டு விலை சட்டென உயர்ந்தது. அதன் பிறகு விலை இறங்கினாலும் முந்தைய வேகத்தில் இறங்கவில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய விற்பனையாளர்களை நம்பி ஐம்பது ஆண்டுத் திட்டம் போடுபவர், விலை குறையாது என்ற கணக்கையே அடிப்படையாகக் கொள்வது விவேகம்.

அடுத்து, ஆயுள். வன்வட்டுகள் திடீரென இறக்கும். பேக்பிளேஸ் என்னும் அமெரிக்கச் சேமிப்பு நிறுவனம் 2013 முதல் தன் வன்வட்டுகளின் பழுது விவரங்களை வெளியிட்டு வருகிறது. அண்மை ஆண்டுகளில், ஓராண்டில் பழுதாகும் வன்வட்டுகளின் விகிதம் 1 முதல் 2 விழுக்காட்டுக்குள் இருக்கிறது. 1.5 விழுக்காடு என வைத்துக்கொண்டால், இரண்டு வன்வட்டுகளில் நகல் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒரே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு பத்தாயிரத்தில் இரண்டு அல்லது மூன்றுதான். ஒன்று பழுதானதும் புதியது வாங்கி நகலெடுப்பவருக்கு அது இன்னும் குறைவு. ஆனால் ஒரு நிபந்தனை: ஒன்றின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஒரே அறையில் இரண்டையும் வைத்தால் தீயும் வெள்ளமும் அந்த நிபந்தனையை உடைத்துவிடும். டேஜியானில் நடந்தது அதுதான்.

தகட்டின் ஆயுள் பற்றிய உறுதிமொழிகளையும் கவனத்தோடு படிக்க வேண்டும். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி, ஒரு முறை எழுதும் தகடுகள் நூறு முதல் இருநூறு ஆண்டுகள் வரை நீடிக்கும் என்பது சோதனை செய்த உற்பத்தியாளர்களின் கருத்து என்று குறிப்பிட்டது. ஆனால் அது பரிந்துரைக்கப்பட்ட சூழலில் பாதுகாத்தால் மட்டுமே. வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, ஈரப்பதம் 20 முதல் 50 விழுக்காட்டுக்குள் என்பது அந்தச் சூழல். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ குளிரூட்டப்படாத ஓர் அறையில் ஆண்டின் எத்தனை நாள்கள் இப்படி இருக்கும்? ஆய்வேட்டோடு குறுந்தகடும் கொடுக்க வேண்டும் என்ற விதி இருந்த காலத்தில், கல்லூரித் துறை அலமாரிகளில் அத்தகடுகள் கட்டுக்கட்டாகக் குவிந்ததை என் தலைமுறை ஆசிரியர்கள் அறிவார்கள். அவற்றுள் எத்தனை இன்று திறக்கும் என்று சோதித்துப் பார்ப்பது ஒவ்வொரு கல்லூரிக்கும் பயனுள்ள பாடமாக அமையும்.

தகடே கெடாமல் இருந்தாலும் அதைப் படிக்கும் கருவி இருக்க வேண்டுமே! இங்கிலாந்தில் 1086-இல் மன்னர் முதலாம் வில்லியம் தொகுப்பித்த 'டூம்ஸ்டே' நிலப் பதிவேட்டின் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பிபிசி ஒரு புதிய மக்கள் பதிவேட்டை உருவாக்கியது. படங்களும் வரைபடங்களும் மக்களின் எழுத்துகளுமாக அத்தனையும் சிறப்பு லேசர் தகடுகளில் பதிவாயின. பதினைந்து ஆண்டுகள் கழிவதற்குள் அத்தகடுகளைப் படிக்கும் கருவிகள் அருகிப்போயின. ஆய்வாளர்கள் பெருமுயற்சி செய்துதான் அதை மீட்க வேண்டியிருந்தது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன் தோலில் எழுதிய மூலப் பதிவேட்டை லண்டனில் இன்றும் கண்ணால் பார்த்துப் படிக்கலாம். கருவியைத் தனியே நம்பியிருக்கும் எந்தச் சேமிப்புக்கும், அதன் ஆயுள் என்பது பொருளின் ஆயுள், கருவியின் ஆயுள் ஆகிய இரண்டில் குறைந்தது எதுவோ அதுதான்.

இதையெல்லாம் சொல்வதால் ஒளித்தகடு பயனற்றது என்று பொருளாகாது. அதற்கே உரிய இரண்டு வலிமைகள் உண்டு. ஒரு முறை மட்டும் எழுதத்தக்க தகட்டில் உள்ளதை எவராலும் திருத்த முடியாது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, சேவைகள் பல நாள்கள் கையெழுத்து முறைக்குத் திரும்ப நேர்ந்தது. வலைப்பின்னலோடு இணைந்திருக்கும் எந்த வன்வட்டையும் ஊடுருவியவர் பூட்டிவிடலாம். அலமாரியில் கிடக்கும் தகட்டை அவரால் தொடவும் இயலாது. கணக்கேடுகளும் சாட்சியங்களும் இத்தகைய பாதுகாப்பை வேண்டி நிற்பவை.

இரண்டாவது வலிமை அதைவிட நுட்பமானது. தகடு, புறக்கணிப்பைத் தாங்கும். வன்வட்டைக் காப்பதற்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை நிதி ஒதுக்கீடு வர வேண்டும், பொறுப்புள்ள ஒருவர் இருக்க வேண்டும். ஒரு முறை ஒதுக்கீடு தவறினால், அல்லது பொறுப்பாளர் ஓய்வுபெற்று அந்த இடம் நிரப்பப்படாமல் போனால், தரவு போய்விடும். நம் பொது நிறுவனங்களின் நடைமுறையை அறிந்தவர்களுக்கு இது கற்பனை அச்சமன்று. பத்தாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்தாலும், ஓரளவு நல்ல சூழலில் இருந்த தகட்டைப் படிக்க முடியும் என்ற நம்பிக்கை உண்டு. செலவில் தோற்கும் தகடு, நிர்வாகச் சோர்வுக்கு எதிரான காப்பீடாக வெல்கிறது. காப்பீட்டுக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிடுவதில் தவறில்லை.

வரப்போகும் அதிசயங்களை நம்பிக் காத்திருக்கலாமா? 2024 பிப்ரவரியில் ஷாங்காய் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரையில், நூறு அடுக்குகள் கொண்ட ஒளித்தகடு ஒன்றில் 1.6 பெட்டாபிட், அதாவது 200 டெராபைட் வரை எழுத முடியும் என்று காட்டினார்கள். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2019-இல் உள்ளங்கை அளவுள்ள குவார்ட்ஸ் கண்ணாடியில் 'சூப்பர்மேன்' திரைப்படத்தைப் பதித்துக் காட்டியது. இவை பாராட்டத்தக்க ஆய்வுகள். ஆனால் 300 ஜிகாபைட் ஹோலோகிராம் தகட்டை வாக்களித்த இன்ஃபேஸ் நிறுவனம் 2010-இல் மூடப்பட்டதையும் மறக்கலாகாது. ஆய்வகத்தில் எழுதிக் காட்டுவதற்கும் அங்காடியில் வாங்குவதற்கும் இடையே உள்ள தொலைவு நெடியது. இன்று நம் கையில் உள்ள தரவு அதுவரை காத்திருக்காது.

தமிழர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. பனையோலை அழியக்கூடியது என்பதை அறிந்தே நம் முன்னோர் ஏடுகளைத் தலைமுறைதோறும் பெயர்த்து எழுதினார்கள். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடிக் கண்டெடுத்த நூல்கள் நம்மை வந்தடைந்தது எந்த ஓலையும் அழியாதிருந்ததால் அன்று. யாரோ ஒருவர் உரிய காலத்தில் படியெடுத்து வைத்ததால். படியெடுக்கப்படாதவை செல்லரித்துப் போயின. ஒரே இடத்தில் இருந்தவை ஒரே நாளில் போயின என்பதற்கு 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் நம் நெஞ்சில் ஆறாத சான்று. வன்வட்டை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மாற்றுவதும் ஏடு பெயர்த்து எழுதுவதும் ஒரே வேலைதான்.

இதிலிருந்து அரசுகள் கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட ஞான பாரதம் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட சுவடிகளை ஆவணப்படுத்திப் பாதுகாக்க முனைகிறது. வரவேற்கத்தக்க முயற்சி. பொதுவாக இத்தகைய மின்னாக்கத் திட்டங்களுக்கு நிதி ஒரு முறை மானியமாகவே வருகிறது. ஒளிவருடி வாங்குவார்கள், ஆள்களை அமர்த்துவார்கள், படியெடுப்பார்கள், விழா நடத்துவார்கள். ஆறாவது ஆண்டில் வன்வட்டை மாற்றும் செலவு எந்தத் தலைப்பின் கீழும் இராது. மேலே கண்ட கணக்கின்படி, முதல் வன்வட்டுக்கு 100 ரூபாய் ஒதுக்கும் திட்டம், இன்னும் 237 ரூபாயை வைப்பு நிதியாகப் போட்டுவிட்டால், விலை குறையாவிட்டாலும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறரிடம் கையேந்த வேண்டாம். அந்த வட்டியை வேறு செலவுக்குத் திருப்பக் கூடாது என்ற விதியும் வேண்டும். முழுத் திட்டச் செலவில் சேமிப்பகத்தின் பங்கு பெரும்பாலும் சிறிதே என்பதால் இது தாங்கக்கூடிய சுமைதான்.

நகல்களைப் பொறுத்தவரை, 3-2-1 என்னும் எளிய விதி உலகெங்கும் ஏற்கப்பட்டது. மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒரு படியேனும் வேறோர் இடத்தில். பெரிய நிறுவனங்களுக்கு வன்வட்டும் காந்த நாடாவும் பொருத்தமான இணை. திருத்தப்படக் கூடாத, அளவில் சிறிய, மதிப்பில் பெரிய ஆவணங்களுக்கு மட்டும் ஒளித்தகடு மூன்றாவது அரணாக இருக்கலாம். கோப்பு உள்ளபடியே இருக்கிறதா என்பதை ஆண்டுதோறும் சரிபார்த்து, முடிவை எழுத்தில் வெளியிட வேண்டும் என்பதைத் தணிக்கை விதிகளில் சேர்க்கலாம். பணத்தைத் தணிக்கை செய்யும் நாம் பதிவேடுகளைத் தணிக்கை செய்வதில்லை.

வீடுகளுக்கும் இதே விதிதான். படங்களும் பத்திரங்களும் கைப்பேசியிலும் இணையச் சேமிப்பிலும் மட்டும் இருந்தால் போதாது. வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு வன்வட்டுகளை வாங்கி, ஒன்றை வேறோர் ஊரில் உள்ள உடன்பிறந்தாரிடம் கொடுத்து வையுங்கள். திருமணப் படங்கள், மூதாதையரின் குரல் பதிவுகள், பத்திரங்களின் படிகள் எனத் திரும்பப் பெற முடியாதவற்றை மட்டும் சில தகடுகளிலும் எழுதி வைக்கலாம். தகடுகள் கிடைக்கும் வரை அது நல்ல கூடுதல் காப்பு. ஆயுத பூசையன்று கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அன்று வன்வட்டையும் ஒரு முறை கணினியில் இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டால் ஆண்டுச் சோதனை முடிந்தது.

டேஜியானில் எரிந்த 858 டெராபைட்டைக் காக்க 43 வன்வட்டுகளும், அவற்றை வேறு கட்டடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒருவரும் போதுமானதாக இருந்திருக்கும். நம் மாவட்ட ஆட்சியரகங்கள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், நூலகங்கள் ஆகியவற்றில் உள்ள தரவுகளுக்கு வேறோர் இடத்தில் படி இருக்கிறதா, அதைக் கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது, அடுத்த வன்வட்டுக்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒவ்வொரு நிறுவனமும் எழுத்தில் விடை சொல்ல வேண்டும். விடை இல்லாத நிறுவனங்களின் பட்டியலே நாம் அடுத்து எங்கே இழக்கப்போகிறோம் என்பதன் பட்டியலும் ஆகும்.